பாதிப் பேச்சில் ஒரு கைதட்டல்

"யோவ்... காலை எடுங்க!"

‘யோவ்’ என்பது அவள் திரும்புவதற்கு முன்னால் சொன்னது. ‘எடுங்க’ என்பது திரும்பிய பிறகு. இடையில் என்ன நடந்தது என்று கேட்டால்... ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு கண்கள். அவ்வளவுதான்!

கண்ணென்றால் அவளுக்குப் புதிதா என்ன? கடைவீதி மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள் அவள். ‘மேலே பாருங்க, கீழே பாருங்க, இது தெளிவா, அது தெளிவா’ என்று கேட்டே நாக்குத் தேய்ந்தவள். எங்கள் தெருவில் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்றே பெயர். ஆனால் கடைக்கு வருகிற கண்கள் எல்லாம் பூத்துப்போன கண்கள், நீர் வடிகிற கண்கள். இது வேறு. வெயிலில் சுருக்கிச் சுருக்கிப் பழகிய ஓரங்கள்... கண்ணாடி ஏறாத மூக்கு... ‘எத்தனை தூரத்தில் எது இருந்தாலும் தெரியும் இந்தக் கண்ணுக்கு. காலடியில் இருக்கிற என் செருப்பைத் தவிர!’

"வார் அறுந்துபோச்சு பாருங்க!"

"ஐயையோ, மன்னிச்சுக்குங்க... பின்னாடியிருந்து தள்ளறாங்க."

"பின்னாடி தள்ளினா முன்னாடி மிதிப்பீங்களோ? அவ்வளவு பெரிய கொடியைத் தூக்கிட்டு நின்னா கால் எங்க தெரியும்!"

"இது என் கொடி இல்லைங்க. தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன், கொஞ்சம் பிடி தம்பின்னு ஒரு அண்ணன் குடுத்துட்டுப் போனார். ஊர்க் குழாயெல்லாம் குடிச்சுத் தீர்த்துட்டார் போலிருக்கு, இன்னும் வரல."

"கட்சிக்காரங்க மாட்டிக்கிட்டா இப்படித்தான் சொல்வாங்க."

"எங்கம்மா மேல சத்தியமா!"

"பாவம் உங்கம்மா. அவங்க என்ன செஞ்சாங்க?"

அவன் வாய்க்குள் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை... சிரிப்பை உதட்டில் கடித்துக்கொண்டாள். அதற்குள் கூட்டம் ஒரு அலை அலைத்தது. அறுந்த செருப்பு அலையோடு போயிற்று. மேலே வானமும் தன் பங்குக்குப் பொடித் தூறலாய்ப் பொழிய ஆரம்பித்தது. அவன் ஒன்றும் பேசாமல் கொடியைச் சாய்த்து அவள் தலைக்கு மேல் பிடித்தான்.

எதிர்க்கட்சியின் பொதுக்கூட்டம் அது. மைதானம் கொள்ளாமல் சாலை வரை ஜனம். மேடையில் தலைவர் எழுந்தார்... அப்போது அது நடந்தது. அதற்காகத்தானே அவள் வருகிறாள்!

முன்வரிசையில் இரைச்சல் அடங்கியது. அந்த அடக்கம் ஒரு ஆள் போல எழுந்து, வரிசை வரிசையாகப் பின்னால் நடந்து வந்தது. அவளைத் தாண்டியது. கம்பத்தில் ஏறி உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டியது. சாலையோரம் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தவனின் குரலையும் பாதியில் வாங்கிக்கொண்டு போயிற்று. கண் எட்டுமட்டும் தலைகள்... ஒரு இருமல் இல்லை. கொடித்துணியில் தூறல் விழுகிற சத்தம் கேட்டது. இத்தனை ஜனம் நிற்கிற இடத்தில் மழைத்துளி விழுகிற சத்தம்! அவளுக்கு மேலெல்லாம் புல்லரித்தது. பக்கத்தில் பார்த்தாள். அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேடையைப் பார்க்கவில்லை. சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்...

கூட்டம் கலைந்த பிறகு, செருப்பைத் தேடித் தருகிறேன் என்று அவன் கிளம்பினான். மைதானம் முழுக்க ஜோடி பிரிந்த செருப்புகள்! ஆளெல்லாம் ஆகாயத்துக்குப் பறந்துவிட்ட மாதிரி. வெகு நேரம் குனிந்து தேடி, வெற்றி வீரனாய் ஒன்றைக் கொண்டு வந்தான். அது ஆண் செருப்பு. அதிலும் வேறு கால்.

"தூரப் பார்வை நல்லா இருக்கு. கிட்டப் பார்வையைச் சோதிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வீடு வந்தாள். வழியெல்லாம் ஈரம் சில்லிட்டிருக்க வேண்டும், கல் குத்தியிருக்க வேண்டும். ஒன்றும் தெரியவில்லையாம். எங்களுக்குத் தெரியாதா அது என்ன நோய் என்று!

இங்கே அவள் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தொழில், தொலைந்த சாவிக்கு மாற்றுச் சாவி செய்வது. ஆனால் அது வயிற்றுக்கு. மூச்சு, எதிர்க்கட்சி. கட்சியில் அவருக்குப் பட்டம் ‘முதல்கை’. கூட்டம் என்றால் முன்வரிசையில் அவருக்கென்று ஒரு நாற்காலி. எந்த இடத்தில் கை தட்ட வேண்டுமோ அந்த இடத்தில் அவர் முதலில் தட்டுவார். பக்கத்தில் இருப்பவர் தட்டுவார். அப்புறம் கடல் பொங்கும். கணக்கு சுலபம். தலைவர் கண்ணாடியைக் கழற்றினால் பெரிய வார்த்தை ஒன்று வரப்போகிறது, பொறுக்க வேண்டும். சொல்லி முடித்துத் திரும்ப மாட்டினால், தட்ட வேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இந்த உத்தியோகம். ஒருநாள் தவறியதில்லை.

"கை தட்டறதும் ஒரு வேலைன்னு இந்த மனுஷனுக்கு வாக்கப்பட்டேன் பாரு" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். ஆனால் கூட்ட நாளன்று சட்டையைத் தேய்த்துக் கொடுப்பவளும் அவள்தான்.

மகள் கூட்டம் கூட்டமாகப் போவதில் அப்பாவுக்குப் பெருமை. ‘என் ரத்தம்!’ பாவம், அவள் ஆளுங்கட்சிக் கூட்டத்துக்கும் போகிறாள் என்பது அவருக்குத் தெரியாது. எங்கள் தெருவில் சுவருக்குக் காது உண்டு. மாடிவீட்டு அத்தைக்கு மூன்று உண்டு. ஆனாலும் அந்தச் சேதியை மட்டும் யாரும் அவர் காதில் போடவில்லை. நல்ல மனுஷர், எதற்கு நெஞ்சைக் கலக்குவானேன்...

அடுத்து வந்தது ஆளுங்கட்சியின் கூட்டம். மைதானத்தின் ஓரத்தில் பழைய தண்ணீர்த்தொட்டி, அதற்கு ஏறப் படிகள். அந்தப் படிதான் அவள் வழக்கமான இடம். அங்கிருந்து மொத்தக் கூட்டமும் தெரியும். ஏறி நின்றவள், கீழே பார்த்ததும் தொட்டியைத் தாங்குகிற தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கொடிக்காரன்! ‘போச்சு. எதிர்க்கட்சி ஆள். அப்பா காதுக்கு எட்டிவிடும்!’

அவள் தூணைச் சுற்றி இந்தப் பக்கம் நகர... அவன் அந்தப் பக்கத்திலிருந்து முதுகை ஒட்டிக்கொண்டு வர... இடித்துக்கொண்டார்கள்.

"நீங்களா! அங்க கொடி பிடிச்சிட்டு, இங்க என்ன வேலை?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். அங்க தலைவர் எழுந்ததும் புல்லரிச்சு நின்னது யாரு? உங்களைப் பாத்ததும் நான்தான் ஒளிஞ்சேன்... கட்சிக்காரப் பொண்ணு, பாத்தா உதைக்க ஆள் கூட்டிட்டு வந்துடும்னு!"

"அப்ப நீங்க எந்தக் கட்சி?"

"எந்தக் கட்சியும் இல்லைங்க. சும்மா... கூட்டம் பாக்க வர்றேன்."

அவள் வாயைப் பிளந்தாள். இப்படி ஒரு கிறுக்கு உலகத்தில் தான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாள்.

அவன் கிரேன் ஓட்டுகிறவன். ஊருக்குள் புதிதாக எழும்பிக்கொண்டிருக்கிற அடுக்குக் கட்டடம் இருக்கிறதே, அதன் உச்சியில் ஒரு கூண்டு. "காலையில ஏறினா சாயங்காலம்தான் இறங்குவேன். மேல இருந்து பாத்தா மனுஷங்க எல்லாம் கடுகு. பேச்சுத் துணைக்கு ஒரு காக்கா வரும், அதுவும் தன் கதையையே சொல்லிட்டுப் போயிடும். இறங்கினதும்... யாராவது வந்து இடிச்சாக்கூடத் தேவலன்னு இருக்கும்."

"அதனால இடி வாங்க இங்க வர்றீங்க!"

"நீங்க?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கடையில ஒரு நேரத்துக்கு ஒரே கண்ணுதான் பாக்கறேன். இன்னொரு கண்ணையும் மூடி வெச்சுடுவோம். இங்க வந்தா... அங்க பாருங்க. எத்தனை கண்ணு! எல்லாம் ஒரே பக்கம்."

அப்போது தூரத்தில் ஆம்புலன்ஸ் சங்கு கேட்டது. கூட்டத்தின் நடுவில் யாருக்கோ மயக்கம். எள் போட்டால் விழாத நெரிசல்... வண்டி எப்படி உள்ளே வரும்? யாரும் உத்தரவு போடவில்லை. யாரும் மைக்கில் சொல்லவில்லை. ஜனம் தானாகப் பிளந்தது. வகிடு எடுத்த தலை மாதிரி நேராக ஒரு கோடு திறந்தது. வெள்ளை வண்டி உள்ளே போயிற்று, திரும்பி வெளியே வந்தது. பின்னாலேயே கோடு மூடிக்கொண்டது. இருவரும் படியில் நின்று அதையே பார்த்தார்கள்.

"எங்க கத்துக்கிட்டாங்க இதை?" என்றாள் மெல்ல.

"தெரியல... மேல கூண்டுல இருந்து எத்தனையோ பாத்திருக்கேன். இப்படி ஒண்ணு பாத்ததில்ல" என்றான். அவன் முழங்கையில் மயிர் சிலிர்த்து நின்றது. ‘இவனுக்கும் புல்லரிக்கிறது... எனக்குப் புல்லரிக்கிற அதே இடத்தில்!’ அந்தக் கணத்தில் அவள் கதை முடிந்தது என்பது எங்கள் தெருவின் ஏகோபித்த முடிவு.

பிறகென்ன... தேர்தல் காலம், தினம் ஒரு கூட்டம். அவனுக்கு நடுவில் நின்று நசுங்க வேண்டும். அவளுக்கு ஓரத்தில் ஏறி நின்று பார்க்க வேண்டும். ஒரு கூட்டம் உங்கள் இஷ்டம், ஒரு கூட்டம் என் இஷ்டம் என்று ஒப்பந்தம். இடையில் இடையில் மழை. குடை ஒன்றுதான். இரண்டாவது குடை வாங்க இருவருக்குமே ஏனோ மறந்துபோயிற்று.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில்தான் எதிர்க்கட்சி மாநாடு வந்தது.

அது அவன் முறை. மைதானத்தின் நட்டநடுவில் நின்றார்கள். அப்பா தொலைவில், முன்வரிசையில், தன் நாற்காலியில். தலைவர் பேசிக்கொண்டே வந்தார்... நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார்.

மௌனம்.

இதுவரை அவள் கேட்ட மௌனங்கள் எல்லாம் ஒத்திகை என்று ஆயிற்று. காற்றுகூடக் கொடிகளை விட்டுவிட்டு நின்றுவிட்டது. முன்னால் ஒரு கிழவர் கையைக் காதில் குவித்தபடி, பக்கத்தில் ஒருத்தி இடுப்புக் குழந்தையின் முதுகில் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தியபடி, முகம் முகமாய், மைதானம் முழுதும் ஒரே மனுஷன் மாதிரி... அவள் கண் நிறைந்து தளும்பியது. துடைக்கத் தோன்றவில்லை.

படார்!

பக்கத்தில்... கிரேன் ஓட்டுகிற கைகள். ஒரு தட்டல். இன்னொன்று. சுற்றி இருந்தவர்கள் திடுக்கிட்டு, சரி தட்ட வேண்டிய இடம் போலிருக்கிறது என்று தட்டினார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா! தீப்பிடித்த மாதிரி நாலா பக்கமும் ஓடி, மைதானமே அதிர்ந்தது. தலைவர் கையில் கண்ணாடியோடு திகைத்து நின்றார். அந்த மாநாட்டுக்காகவே செதுக்கி வைத்திருந்த ஒரு வாக்கியத்தை அவர் சொன்னார். யார் காதிலும் விழவில்லை.

பழி யார் மேல்? வேறு யார் மேல், முதல்கை மேல்தான்! மாவட்டச் செயலாளர் நேரில் வந்து, "வயசாயிடுச்சுண்ணே உங்களுக்கு. கை முந்திக்குது. இனி ஓய்வெடுங்க" என்றாராம். நாற்காலியைப் பெயிண்டுக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். ‘நான் தட்டவே இல்லைய்யா’ என்று இவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. அன்றிலிருந்து மனுஷர் வாய் திறக்கவில்லை. "ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிறார், தன் வாயைத் திறக்க ஒரு சாவி இல்லை" என்று அம்மா எங்களிடம் புலம்பினாள். அம்மா கேலி பண்ணினால் சுகம். அவள் அன்று கேலி பண்ணவில்லை, அழுதாள்.

மகள் கட்டட வாசலுக்கே போய் அவனைப் பிடித்தாள்.

"ஏன் தட்டினீங்க?"

அவன் தலை குனிந்தான்.

"எத்தனை கூட்டம் பாத்தவர் நீங்க! அங்க தட்டக் கூடாதுன்னு தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா? அப்ப ஏன்?"

"சொன்னா... சிரிப்பீங்க."

"எங்கப்பா மூணு வேளையும் சுவரைப் பாத்துச் சாப்பிடறார். நான் சிரிக்கிற நிலைமையிலயா இருக்கேன்?"

"நான் வந்து உங்கப்பாகிட்ட ஒத்துக்கறேன்."

"ஏன் தட்டினேன்னு கேப்பார். என்ன சொல்வீங்க?"

வெயிலுக்கே தாழாத அந்தக் கண்கள் அவள் முன்னால் தாழ்ந்தன. ‘எனக்குச் சொல்லக்கூட ஒரு காரணம் இல்லையா இவனிடம்? விளையாட்டாத் தட்டினானா?’

"சொல்ல முடியாதுன்னா சொல்ல வேணாம். இனிமே என்னையும் பாக்க வேணாம்!"

விறுவிறுவென்று திரும்பி நடந்தாள். அவன் பின்னால் வருவான் என்று நினைத்தாள். அவள் நடையைச் சிறிது மெதுவாக்கினதாகக்கூடக் கேள்வி. அவன் வரவில்லை. ரோஷம் அவனுக்கும் இருக்காதா?

அதோடு அவள் கூட்டங்களுக்குப் போவதை விட்டாள். கடைக்கு வந்தவர்களிடம் ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று கேட்டுவிட்டுப் பதிலைக் கவனிக்காமல் நின்றாள். அப்பாவிடம் உண்மையைச் சொன்னால் அவர் பழி தீரும், அவன் அடியோடு போவான். சொல்லாவிட்டால் அப்பா போவார். இரண்டு பக்கமும் ஆட்டுக்கல், நடுவில் அவள்.

தேர்தலுக்கு முன் எதிர்க்கட்சியின் கடைசிக் கூட்டம் வந்தது. அப்பா போகவில்லை என்றார். ஆனால் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். ஒலிபெருக்கிச் சத்தம் தெரு வரை கேட்டது. அவருடைய உள்ளங்கைகள் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே இருந்தன.

அவளால் பொறுக்க முடியவில்லை. "வாங்கப்பா. நாற்காலி வேணாம். நின்னு பாப்போம்."

"நின்னா? நானா?"

"லட்சம் பேர் நிக்கலையா? வாங்க."

தண்ணீர்த்தொட்டிப் படியில் கை பிடித்து ஏற்றிவிட்டாள். அப்பா மூச்சு வாங்கத் திரும்பினார்... அப்படியே நின்றார்.

மேடை அந்தக் கோடியில் ஒரு தீப்பெட்டி. இந்தக் கோடி வரை ஜனம். மாலை வெளிச்சம் தலைகளின் மேல் பொன்பூசிக் கிடந்தது. தோள்களில் குழந்தைகள். மரக்கிளைகளில் மனிதர்கள். ஒரு ஓரத்தில் பாட்டு எழுந்தால் அது வயல் காற்றுப் போல மறு ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆயுசு முழுக்க முன்வரிசையில் உட்கார்ந்தவர் அவர். கூட்டம் எப்போதும் அவர் முதுகுக்குப் பின்னால். ஒலியாகத்தான் கேட்டிருக்கிறார், ஒருநாளும் பார்த்ததில்லை.

"அம்மாடி..." என்றார். "இத்தனை பேரா... எனக்குப் பின்னாடி இருந்தாங்க?"

"ஆமாம்பா."

"நான் தட்டினா... இவங்களா தட்டினாங்க?"

அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் மேல்படியில் யாரோ எழுந்து நிற்பதைக் கண்டாள். அவன்! நட்டநடுவில் நசுங்க வேண்டியவன், அவள் இடத்தில், ஓரத்தில், தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறான்... எத்தனை கூட்டமாகவோ!

அவன் நேரே அப்பாவிடம் இறங்கி வந்தான்.

"ஐயா... அன்னிக்கு மாநாட்டுல நடுவுல தட்டினது நான்தான்."

அப்பா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தார். காய்த்துப்போன அகலக் கைகள். ‘ஓகோ, அந்தச் சத்தம் இந்தக் கைதானா’ என்று தொழில்காரர் தொழில்காரரைப் பார்க்கிற பார்வை. பிறகு கோபம் வந்தது.

"வாடா என்னோட! மாவட்டத்துகிட்ட வந்து உன் வாயால சொல்லு!"

"வர்றேங்க." அவன் படி இறங்கத் தொடங்கினான்.

"நில்லு. எதுக்குத் தட்டினேன்னு அவர் கேப்பார். என்னன்னு சொல்லுவே? தலைவர் இன்னும் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லையே!"

அவன் தயங்கினான். ஒருமுறை... ஒரே ஒருமுறை அவளைப் பார்த்தான்.

"நான் தலைவருக்குத் தட்டலைங்க."

"பின்னே?"

"எல்லாரும் மேடையைப் பாத்துட்டு நின்னாங்க. நான் இவங்களைப் பாத்தேன். கண்ணு நெறைஞ்சு... அந்தக் கூட்டம் மொத்தமும் அதுக்குள்ள தெரிஞ்சுது. இவ்வளவு அழகா ஒண்ணு நான் பாத்ததே இல்லைங்க. என்னை அறியாம... கை தட்டிடுச்சு. தட்டினப்புறம்தான் தட்டினதே தெரியும்."

அவளுக்குக் காதுகள் சூடேறின. ‘இதையா... இதையா சொன்னால் சிரிப்பேன் என்றான்!’

அப்பா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்:

"இத்தனை வருஷமாத் தட்டறேன். எல்லாம் சொல்லிவெச்ச இடத்துலதான். எனக்காத் தோணி... ஒரு தடவகூடத் தட்டினதில்ல." பெருமூச்சு விட்டார். "இதைப் போய் மாவட்டத்துகிட்ட எப்படிடா சொல்றது? உக்காரு. அப்புறமா வீட்டுக்கு வா. அம்மாகிட்ட நீயே சொல்லு, எனக்குத் தைரியம் கிடையாது."

சொல்லிவிட்டு நாசூக்காக இரண்டு படி கீழே இறங்கி நின்றுகொண்டார். அப்பாக்களுக்கும் சில சமயம் புத்தி இருக்கத்தான் செய்கிறது.

தூரத்துத் தீப்பெட்டியில் தலைவர் பேச்சை நிறுத்தினார்.

"கண்ணாடியைக் கழட்டிட்டார்" என்றான் அவன். வேறு யார் கண்ணுக்கும் அது தெரிந்திருக்காது.

அந்தப் பெரிய மௌனம் எழுந்தது. முன்வரிசையிலிருந்து நடந்து, தலை தலையாகத் தாண்டி, மைதானம் கடந்து, படியேறி வந்து, அவர்கள் காலடியில் நின்றது. அத்தனை ஜனத்துக்கும் அப்போது ஒரே மூச்சு.

அந்த மௌனம் கலையாமல், அவள் அவன் பக்கம் சாய்ந்தாள்.

"இனிமே எனக்குத் தட்டணும்னா... மெதுவாத் தட்டுங்க. எனக்கு மட்டும் கேட்டாப் போதும்."

"அப்ப... சிரிக்க மாட்டீங்களா?"

"மாட்டேன். எனக்கும் அதேதான். எப்பவோ... சொல்லத்தான் ரோஷம் விடல."

மேடையில் வார்த்தை விழுந்தது. கண்ணாடி ஏறியது. கைதட்டல் புறப்பட்டது. பெயிண்டுக் கடைக்காரர் கையிலிருந்து கிளம்பி, பொங்கி, மைதானத்தை நிறைத்து, மழை வருகிற மாதிரி அவர்களை நோக்கி வந்தது. கீழ்ப்படியில் அப்பா மேடைப் பக்கம் பார்க்கவில்லை. ஜனத்தைப் பார்த்து, கண்ணில் நீர் வழிய, தனக்காகத் தட்டினார்... எல்லோரும் ஓய்ந்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

அவன் மட்டும் தட்டவில்லை. தட்ட முடியவில்லை. இருக்கிற இரண்டு கையில் ஒன்று அவளிடம் இருந்தது.